பத்தி நான்கு மறுக்கப்படுகிறது

மனித இனம் கண்டுபிடித்தவற்றில் நெருப்புக்கு மூன்றாவது இடம், சக்கரத்துக்கு இரண்டாவது இடம். முதல் இடம் 'மறுக்கப்படுகிறது' என்ற சொல்லுக்கு. நெருப்பு வைத்தவனையே சுடும். சக்கரம் பாதி வழியில் பஞ்சராகும். இந்தச் சொல் மட்டும் நம்பியவர் எவரையும் நடுத்தெருவில் விட்டதில்லை.

இது பதினாறு வருட ஆராய்ச்சியின் முடிவு. ஆராய்ச்சி நடந்த இடம் குடும்ப நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டுக்குக் கீழே போட்டிருந்த ஒரு மேசை. ஆராய்ச்சியாளர் அங்கே கம்ப்யூட்டரும் பிரின்டருமாக உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடிருந்தது. தெருவுக்கு அவர் மறுப்பு சார்.

அவருடைய தொழிலின் சூட்சுமம் ஒரே வரிதான். ஒருவர் மனுப் போட்டால், அதில் பத்திக்குப் பத்தி எண் போட்டிருக்கும். பதில் போடுகிறவர் அதே எண்களைப் போட்டு ஒவ்வொரு பத்தியையும் மறுத்தாக வேண்டும். மறுக்காமல் விட்ட பத்தி ஒப்புக்கொண்ட பத்தி. ஆகவே மறுப்பு சார் எதையும் விடுவதில்லை. "மேற்படி பத்தியில் கூறப்பட்டவை அனைத்தும் பொய்யானவை, உள்நோக்கம் கொண்டவை, முழுமையாக மறுக்கப்படுகின்றன" என்ற வாக்கியத்தைக் கீபோர்டின் மேல்வரிசையில் எஃப்-9 பொத்தானில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு தட்டு, ஒரு பத்தி காலி. பத்திக்கு ஒரு நொடி. அந்தப் பொத்தானில் எழுத்து தேய்ந்து பளபளவென்று இருந்தது.

சில ஜென்மங்களுக்கு இது புரியாது. போன மாதம் வந்த பஸ் டிரைவர் அப்படி ஒருவர். பிரிந்துபோன மனைவி, பிள்ளைச் செலவைக் கூட்டிக் கேட்டு மனுப் போட்டிருந்தாள். டிரைவர் மேசைமேல் குனிந்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"சார், மூணாவது பத்தியில நான் முன்கோபக்காரன்னு போட்டிருக்கா. அது நிஜம்தான் சார்."

"அதனால?"

"ஒப்புக்கறேன்னு போட்டுடுங்க."

மறுப்பு சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நீங்க பஸ் ஓட்டறப்ப பிரேக் போடவேண்டிய இடத்துல எதை மிதிப்பீங்க?"

"பிரேக்தான் சார்."

"கோர்ட்ல பிரேக் இதுதான்." எஃப்-9-ஐச் சுண்டுவிரலால் தடவிக் காட்டினார். "ஒப்புதலுக்கு என்கிட்ட பொத்தான் கிடையாது. எழுத்து எழுத்தா அடிக்கணும். கூலி இரண்டு மடங்கு."

டிரைவர் இரண்டு மடங்கு கொடுத்தார். அதோடு விட்டாரா? "ஒருதடவை படிச்சுக் காட்டுங்க சார்" என்று, வரிக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைய, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோலக் கூடவே வந்தார். மூன்றாம் பத்தி முடிந்ததும், "அதையே இன்னொரு தடவை" என்றார். போதாக்குறைக்கு, முந்தின நாள் மனைவியை நேரில் போய்ப் பார்த்துப் பேசியதாகவும் சொன்னார். எதிர்த்தரப்பின் வாசலை மிதிப்பவனுக்குச் செருப்பும் மிஞ்சாது என்பது மறுப்பு சாரின் இரண்டாவது சூத்திரம். டிரைவர் தலை மறைந்ததும் ஜெராக்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, விரல் வைத்துப் படிப்பதை நடித்துக் காட்டினார். அக்கா பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "சிரி தம்பி, சிரி. சிரிச்சவன் பல்லுல என்னிக்காவது கல்லு மாட்டும்."

கல் ஒரு பழுப்பு உறையில் வந்தது.

மனுதாரர், மறுப்பு சாரின் முன்னாள் மனைவி. பிரிந்து நாலு வருடம். ஒன்பது வயது மகள் அப்பாவிடம் இருந்தாள். அம்மா பல் செட் செய்யும் லேபில் மாதச் சம்பளக்காரி. அப்பாவோ வந்தால் வரும்படி, வராவிட்டால் கொட்டாவி. ஆகவே மாதாமாதம் மகளின் செலவுக்கு அம்மா ஒரு தொகை தரவேண்டும் என்று அப்போதே தீர்ப்பு. அந்தத் தொகையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லித்தான் இப்போது மனு. பதிலுக்கு இரண்டு வாரம் அவகாசம்.

மறுப்பு சார் உறையைப் பிரித்தார். படிக்கவில்லை. பத்திகளை எண்ணினார். எட்டு. அடியிலிருந்த கையெழுத்தின்மேல் மட்டும் கண் ஒரு கணம் நின்றது. ஒரு காலத்தில் வரிசைப் பல்போல நேராக நிற்கும் கையெழுத்து. இப்போது மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்துபோன தடம்போல இருந்தது. 'நடிப்பு' என்று தீர்ப்பெழுதினார். எஃப்-9, எட்டு தட்டு. உள்ளங்கை ஏனோ ஈரமாக இருந்ததால் இரண்டாவது தட்டு வழுக்கி, மறுபடி தட்ட வேண்டியிருந்தது. இதில் கண்டவை யாவும் உண்மை என்று சத்தியம் செய்து, கையெழுத்திட்டு, தாக்கல் செய்துவிட்டு, வீட்டுக்குப் போனார்.

வீட்டில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தாள். மகளுக்கு அவர் வைத்த பெயர் அது. அடுப்பு அணைந்ததா, பால் மூடியிருக்கிறதா, செருப்பு ஜோடியாகக் கிடக்கிறதா என்று எதையும் ஒரு சுற்றுப் பார்க்காமல் உட்காரமாட்டாள்.

"காலையில பல் தேய்ச்சியா இன்ஸ்பெக்டர்?"

"மறுக்கப்படுகிறது."

"வீட்டுப் பாடம்?"

"முழுமையாக மறுக்கப்படுகின்றன. கணக்கும் இருக்கு, அதான் பன்மை."

வாரிசு தேறிவிட்டது என்று அவர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். அவர் நிம்மதியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

பத்தாவது நாள் நீதிமன்றத்தின் தலைமை எழுத்தர் ஆள் அனுப்பினார். அறையெங்கும் கோப்புகள். நடுவில் அவர் மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது.

"என்னய்யா மறுப்பு, உன் பொண்ணு எங்க இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல சார்."

"அது தெரியும். யார்கிட்ட இருக்கா?"

"என்கிட்டதான்."

"அப்படியா? நீ சத்தியம் பண்ணி வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கியே." மனுவைத் திருப்பி வைத்தார். "நாலாம் பத்தி. சத்தமா படி."

மறுப்பு சார் வாழ்க்கையில் முதல்முறையாக நான்காம் பத்தியைப் படித்தார்.

"குழந்தை தற்போது எதிர்மனுதாரரான தந்தையுடன் வசித்து வருகிறாள். அவர் அவளை நன்றாகக் கவனித்து வருகிறார். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை."

"இப்ப உன் பதில்."

படிக்கத் தேவையே இல்லை. பதினாறு வருடமாக மனப்பாடம். பொய்யானவை. உள்நோக்கம் கொண்டவை. முழுமையாக.

"ஒண்ணாம் பத்தி, நீதான் எதிர்மனுதாரர்னு. மறுத்திருக்க. இரண்டாம் பத்தி, உங்க ரெண்டு பேருக்கும் பிறந்த பொண்ணுன்னு. அதையும் மறுத்திருக்க. அதாவது நீ நீ இல்ல, உன் பொண்ணு உன் பொண்ணு இல்ல, அவ உன்கூடவும் இல்ல. நீ அவளை நல்லாப் பாத்துக்கறன்னு ஊர்ல ஒருத்தி சொன்னா, அவளும் பொய்க்காரி." தலைமை எழுத்தர் சிரிக்க ஆரம்பித்து, எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஜட்ஜம்மா ஓரத்துல எழுதியிருக்காங்க, பாரு."

சிவப்பு மையில் இரண்டே சொல். 'குழந்தை எங்கே?'

மறுப்பு சாரின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. மின்விசிறி சுற்றியது, சத்தம் வரவில்லை. குழந்தை எங்கே என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சிவப்பு மையில் கேட்டால் அது வேறு கேள்வி.

"குழந்தை நல அலுவலரை அனுப்பச் சொல்லி உத்தரவு. சொல்லாம கொள்ளாம வருவாங்க. வாய்தா ரெண்டு வாரத்துல. அதுக்குள்ள அறிக்கை வரணும். அறிக்கை சரியில்லன்னா அம்மாகிட்ட போகுமோ, காப்பகத்துக்குப் போகுமோ, அது ஜட்ஜம்மா விருப்பம்."

"திருத்தின பதில் போட்டுடறேன் சார். இப்பவே."

"சத்தியம் பண்ணினதை உன் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. எதிர்த்தரப்பு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டா எடுத்துப்போம். போய்க் கேளு."

"அவகிட்டயா? போகமாட்டேன்."

"அதையும் மறுக்கறியா? நல்லா இரு."

அன்று மாலை வீட்டுப் படியேறும்போது மறுப்பு சாருக்கு அது தன் வீடாகவே தெரியவில்லை. அலுவலர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருந்தது. ஜன்னல் கொக்கியைக் கம்பியால் கட்டியிருந்தது, குற்றம். மகளின் கட்டிலில் ஒரு கால் குட்டையாகி, அடியில் பழைய சட்டப் புத்தகம் முட்டுக்கொடுத்திருந்தது, பெருங்குற்றம். மகளின் மேசையில் ஒரு முழு பிளாஸ்டர் தாடை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அம்மா லேபில் வீணாய்ப்போன அச்சு. மகள் அதன் பற்களுக்கிடையில் பென்சில் சொருகி வைப்பாள். நாலு வருடமாகக் கண்ணில் படாத தாடை இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது. எடுத்து அலமாரி மேல் ஒளித்தார். மகள் நாற்காலி போட்டு ஏறி எடுத்து, பழைய இடத்தில் வைத்தாள்.

"இன்ஸ்பெக்டர், இங்க உட்காரு. ஒருத்தங்க வரலாம். உன்கிட்ட கேள்வி கேட்பாங்க. அப்பா உன்னை நல்லாப் பாத்துக்கறாரான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

மகள் நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மறுக்கப்படுகிறது."

அவர் கையிலிருந்த டம்ளர் தரையில் உருண்டது.

"இந்த வீட்ல இனிமே அந்த வார்த்தை கிடையாது!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. உருண்ட டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப, பல் தேய்ச்சியான்னு நீ கேட்டா?"

"தேய்க்கலன்னா தேய்க்கலன்னு சொல்லு."

"திட்டுவியே."

"திட்டமாட்டேன்."

"எழுதிக் குடு."

அடுத்த நாட்களில் மறுப்பு சார் படிக்கட்டில் கேட்கும் காலடிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார். இரண்டு படியாகத் தாவினால் மேல்மாடி மாணவன். நின்று நின்று வந்தால் எதிர்வீட்டு மூட்டுவலி. இரண்டிலும் சேராத காலடி கேட்டால் கதவிடுக்கில் கண் வைப்பார். குடும்பம் நடக்கும் வீடு என்று தெரிவதற்காகக் காலையில் மூன்று தடவை பெருக்கினார். அதிகமாகப் பெருக்கியதால் சந்தேகம் வருமோ என்று பயந்து, ஒரு காகிதத்தைக் கிழித்து மூலையில் போட்டார். மேசையில் கை தானாக எஃப்-9-க்குப் போகும், சுட்டதுபோல மீளும். இரண்டு கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். மூன்றாமவரிடம், "பத்தியைப் படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தான்தானா என்று திடுக்கிட்டார்.

அவர் எண்ணி எண்ணி நடுங்கியது ஒரு இடைவெளியைத்தான். பள்ளி மூன்றரைக்கு விடும். அவர் வீடு சேர ஐந்தரை. நடுவிலிருந்த இரண்டு மணி நேரத்துக்கு மகளின் கழுத்தில் ஒரு சாவி, காதில் ஒரு விதி: யாருக்கும் கதவைத் திறக்காதே, தனியாக இருக்கிறேன் என்று சொல்லாதே. மேசையை மூடிவிட்டு மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று திங்கள் நினைத்தார், செவ்வாய் செய்தார். புதன்கிழமை ஒரு அவசர மனு. நாலே கால் ஆகிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்தார்.

கதவுக்கடியில் ஒரு சீட்டு, பாதி உள்ளே, பாதி வெளியே.

'பிற்பகல் 4.10. கதவு திறக்கப்படவில்லை. உள்ளே குழந்தை எதுவும் இல்லை என்று ஒரு குழந்தை தெரிவித்தது. வெள்ளிக்கிழமை மீண்டும் வருவோம்.'

மறுப்பு சார் படியிலேயே உட்கார்ந்தார். உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தாள். முகத்தில் பெருமை.

"அப்பா, ரெண்டு பேர் வந்தாங்க. நான் திறக்கவே இல்ல."

"என்ன கேட்டாங்க?"

"அப்பா இருக்காரான்னாங்க. இல்லன்னேன். அம்மான்னாங்க. இல்லன்னேன். அப்ப உள்ள யாருன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் இல்லன்னேன். நீ இருக்கியேன்னாங்க. இருக்கேன்னு சொன்னா தனியா இருக்கேன்னு தெரிஞ்சிடுமே? நானும் இல்லன்னுட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "தப்பா?"

"இல்ல" என்றார். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் எடை கூடியிருந்தது. போன வருடம் இப்படி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. கூட்டிக்கொண்டு போக வந்தால் எந்தக் கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. இடது கை. வலது கையில் எப்போதும் பென்சில் இருக்கும்.

"அப்பா, விடு. எலும்பு நோகுது."

மறுநாள் காலை அவளைப் பள்ளிக்குள் விட்டு, வாசல் மூடுவதைப் பார்த்துவிட்டு, மறுப்பு சார் எதிர்த்தரப்பின் வாசலை மிதித்தார்.

லேப் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. உருகிய மெழுகின் வாசம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க எண் ஒட்டிய தாடைகள். முன்பல் என்றால் அந்த லேபில் அவருடைய முன்னாள் மனைவிதான். மெழுகில் அவள் செதுக்கிக் கொடுக்கும் பல்லைப் பக்கத்துப் பல்லே அடையாளம் கண்டுபிடிக்காது என்பார்கள். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் அவள் மேசை. இன்று அங்கே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்குச் சொந்தக்காரியோ பின்புறம், தொட்டியருகில், ரப்பர்க் கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். "உங்க சட்டப்படி இது குத்தமாச்சே. செருப்பு மிஞ்சுமா?"

"ஒரு கையெழுத்து வேணும்."

அவள் மனு, தன் பதில், ஆட்சேபணை இல்லை என்று அடித்து வந்த தாள், மூன்றையும் நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பொறுமையாக, ஒரு பத்தியையும் விடாமல். மறுப்பு சார் நின்றார். வழி முழுக்க அவர் தயாரித்து வந்தது அவள் போடப்போகும் நிபந்தனைகளுக்கான மறுப்புகளை. முதல் நிபந்தனை என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்க நேரும்போது எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. அலமாரியில் முந்நூறு வாய்கள் திறந்திருந்தன.

"நீங்க நீங்க இல்லையா?" என்றாள்.

"அது பொத்தான். ஒரு தட்டு தட்டினா தானா விழும்."

"பத்து வருஷம் ஒண்ணா இருந்தோம். என்ன கேட்டாலும் இல்லன்னு ஒரே வார்த்தை. பொத்தானை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னு இப்பதான் தெரியுது." சிரிக்கவில்லை. "நான் எழுதினதைப் படிக்கவே இல்லையா?"

"பத்தியை எண்ணினேன்."

"ஏன் படிக்கல?"

பழக்கம், தொழில், நேரமில்லை. மூன்று பதில் வாய்வரை வந்தன. வெளியே வந்தது நான்காவது.

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"உள்ள எங்கயாவது அவளைக் கேட்டிருப்பியோன்னு."

அவள் கிண்ணத்தைத் தொட்டியில் வைத்தாள். குழைத்த பிளாஸ்டர் இறுக ஆரம்பித்திருந்தது.

"கேட்டிருந்தா?"

"மறுத்திருப்பேன்."

"கேக்காததையும் மறுத்துட்டீங்களே." தாளை மறுபடி புரட்டி, "நான் கையெழுத்துப் போடலன்னா என்ன ஆகும்?"

கட்சிக்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார், எதிராளி தானாக வந்து கழுத்தை நீட்டினால் ஏன் விடணும் என்று. சின்னப் பெண்ணின் செதுக்குக் கத்தி மெழுகில் கிறீச்சிட்டது. பொய் சொல்ல இன்னும் நேரமிருந்தது.

"அவ உன்கிட்ட வந்துடலாம்" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நேரம் எவ்வளவு என்று மறுப்பு சாரால் பிறகு சொல்ல முடியவில்லை. சட்டைக்குள் வியர்வை முதுகுத்தண்டில் ஒவ்வொரு எலும்பாக இறங்கியது மட்டும் நினைவிருந்தது.

"ஹாஸ்டல்ல எனக்கு ஒரு கட்டில்தான். பக்கத்துக் கட்டில்காரி சிகரெட் பிடிப்பா" என்றாள் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. "டம்ளர்ல தண்ணி எடுத்தா பாதி தரைக்குப் போகுது. அவளுக்கு ஜடை பின்ன முடியுமா இந்தக் கையால? வக்கீல் நாலாம் பத்தி வேணாம்னார். எதிராளிக்கு நாமே சர்டிபிகேட் கொடுக்கக்கூடாதாம். இருக்கட்டும், இருக்கறதைத்தானே எழுதறோம்னேன். அதைப் போய்ப் பொய்ன்னுட்டீங்க. பேனா கொடுங்க."

பேனாவை வாங்கினாள். முனை காகிதத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்று துடித்தது. இறங்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். முதல் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி. ஒரு நாளைக்கு நாற்பது கையெழுத்து வாங்கும் மறுப்பு சார், ஒரு கையெழுத்து இவ்வளவு நேரம் எடுத்து அன்றுதான் பார்த்தார். எறும்பு நடக்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மனுக்களில் காரணம் ஏழாம் பத்தியில்தான் வரும். அது இந்தக் கையைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் ஒரு தட்டு தட்டியிருந்தார்.

பிடிக்கப் போனார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தாங்க" என்றாள், முகம் சிவந்து. "அவளுக்கு மேல்பல்லு ஆடுதாமே. போன்ல சொன்னா. விழுந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. நான் பாக்கணும்."

அன்று மதியம், பள்ளி விடுவதற்கு முன்னால், படிக்கட்டுக்குக் கீழே, மறுப்பு சார் புதுப் பக்கம் திறந்தார். 'திருத்திய பதில் மனு.' மனுவை இடது பக்கம் விரித்து, முதல் பத்தியிலிருந்து படித்தார். சுண்டுவிரல் வழக்கம்போல மேல்வரிசைக்குப் போய், தேய்ந்த பொத்தானின் மேல் நின்றது. வெளியே ஒரு கட்சிக்காரர் யாரையோ திட்டிக்கொண்டு போனார். விரல் இறங்கி வந்தது.

பத்தி ஒன்று. எழுத்து எழுத்தாக அடித்தார். நீளமான சொல். ஒருமுறை அடித்ததைப் பிரதி எடுத்து மற்ற இடங்களில் ஒட்டலாம். அது இன்னொரு பொத்தான். ஒட்டவில்லை. ஐந்தாம் பத்தி வந்தது. தொகை பாதி. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. தண்ணீர் குடித்துவிட்டு, அதையும் அடித்தார். ஏழாம் பத்தி கையைப் பற்றியதுதான்: நடுக்கம், செதுக்கும் வேலை போனது, சம்பளம் குறைந்தது. அதில் மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாக விழுந்தது: 'நேரில் பார்த்தேன்.'

"என்ன தம்பி, எட்டு பத்திக்கு எட்டு மணி நேரமா?" படியில் இறங்கி வந்த ஜெராக்ஸ் அக்கா கேட்டாள். "பொத்தான் ரிப்பேரா?"

"ஆமாக்கா."

பிரின்டர் முனகிக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. மறுப்பு சார் அதைக் கையில் எடுத்தார். படித்தார். எழுத்து எதுவும் நிற்கவில்லை, கண்ணெல்லாம் நாளைய வெள்ளிக்கிழமையிலேயே இருந்தது. காகிதத்தை அக்காவிடம் நீட்டினார்.

"ஒருதடவை படிச்சுக் காட்டுங்கக்கா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மேசைமேல் காகிதத்தை வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். வரிக்குக் கீழே ஒரு விரல் வந்து சேர்ந்துகொண்டது. உதடும் கூடவே அசைந்தது.

"பத்தி நான்கு. குழந்தை என்னுடன் வசித்து வருகிறாள், அவளை நான் கவனித்து வருகிறேன் என்று மனுதாரர் கூறுவது உண்மை. ஒப்புக்கொள்ளப்படுகிறது." அக்கா அடுத்த வரிக்குப் போனாள்.

விரல் போகவில்லை.

"அதையே" என்றார், "இன்னொரு தடவை."